பட்டிக்கு முன்னால் போகிறவர்

லா ஷப்பல், பாரிஸ்
14 செப்டம்பர் 2024

அன்பான கமலராணி மச்சாளுக்கு,

மடு மாதா உங்கள் வாசலில் காவல் நிற்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, உங்கள் தம்பி பெண்சாதி புஸ்பராணி எழுதுவது. நானும் மகள் தர்மிளாவும் சுகம். பிரஷர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறீர்களா? கால் வீக்கம் வற்றியதா? போனில் கேட்டால் ஓம், ஓம் என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவீர்கள். கடிதத்தில் தப்ப முடியாது.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று யோசிப்பீர்கள். போன் எடுத்தால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். பக்கத்து வீட்டு மரியநாயகி அக்கா உள்ளிட்ட அத்தனை பேரும் கேட்டு, நான் போனை வைக்கும் முன்பே தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். இது நீங்கள் தனியே இருந்து வாசிக்கவேண்டிய கதை.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். கோபம் வந்தது, அதுதான் உண்மை. நவம்பர் இரண்டாம் திகதி இறந்தவர்களின் பூசையில் வாசிக்கிற பெயர்களோடு இந்த வருடம் உங்கள் தம்பியின் பெயரையும் கொடுக்கப்போவதாகச் சொன்னீர்கள். சண்டையில் காணாமல் போய்ப் பதினைந்து வருடமாகப் பூசை இல்லாமல் அலைகிற ஆத்துமா என்றீர்கள். நான் கண் மூடுவதற்கு முதல் ஒரு தரமாவது என்று அழுதீர்கள். நான் அழுகைக்கு இளகுகிறவள் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இதில் இளக மாட்டேன். என் புருசன் உயிரோடு இருக்கிறார். இருக்கிறவரின் பெயரை அந்தப் பட்டியலில் எழுதினால், நாங்களே அவருக்கு மண் அள்ளிப் போட்டதாகிவிடும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், உங்கள் வீட்டு வழக்கத்தை வைத்துத்தான் சொல்கிறேன். நான் கலியாணம் செய்து வந்த மாதமே நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தீர்கள். மாட்டுப்பட்டி மேய்க்கிற ஒவ்வொருவருக்கும் தன் தன் கூப்பிடு குரல் உண்டு. ஆள் உயிரோடு இருக்கும்போது அவன் குரலை இன்னொருவர் எடுத்தால் மாடு திரும்பியும் பாராது. ஆள் போன பிறகு, பட்டி வாசலில் நின்று ஒரே ஒரு தரம் அவன் குரலை எடுத்தால் அத்தனை மாடும் வரும். அதோடு அந்தக் குரலை யாரும் தொடக்கூடாது. உங்கள் அப்பா மத்தியூ மாமா இறந்த அன்று, பெட்டி மூடுவதற்கு முன்பு உங்கள் தம்பி வாசலில் நின்று அப்படிக் கூப்பிட்டார். நான் உள்ளே சமையலில் நின்றதால் பார்க்கவில்லை. மாடு எல்லாம் வந்தது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

சண்டை முடிந்து முகாமிலிருந்து விட்ட வருடம் நான் என்ன செய்தேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் குறி சுட்ட மாடுகள் பதினொன்று காட்டோரம் கட்டாக்காலியாக நின்றன. மூன்று நாள் பின்னால் திரிந்து உங்கள் தம்பியின் குரலில் கூப்பிட்டேன். ஒன்றும் தலை தூக்கவில்லை. அன்றைக்கு நான் சந்தோசத்தில் அழுதேன். அதுதான் எனக்குச் சாட்சி. தர்மிளா இங்கே ஏதும் பத்திரம் நிரப்பும்போது தகப்பன் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று பிரெஞ்சில் கேட்பாள். உயிருடன் என்று எழுது என்பேன். பெயர் கொடுக்க வேண்டாம், மச்சாள். இதோடு அந்தக் கதை முடிந்தது.

இனி புதினம் சொல்கிறேன். மெனாஜ் வேலையை, அதுதான் கந்தோர்களைக் கூட்டித் துடைக்கிற வேலையை, விட்டுவிட்டேன். இப்போது நான் மாடு மேய்க்கிறேன். சிரிக்காதீர்கள். கூசேன்வில்லில் ஒரு கந்தோர் கூட்டப் போகிறபோது வழியில் ஒரு மாடு கன்று ஈனமுடியாமல் நின்றது. ஆனைஸ் என்கிற வெள்ளைக்காரி தனியே தவித்துக்கொண்டிருந்தாள். கந்தோரை மறந்து வேலிக்குள் இறங்கிக் கன்றைத் திருப்பி இழுத்துக் கொடுத்தேன். கையைக் கழுவ முன்பே வேலை தந்துவிட்டாள். காலையில் கார் து நோர் ஸ்ரேசனில் ரெயின் ஏறினால் அரை மணி நேரம். பின்னேரம் வரும்போது சாணி மணக்கிறது என்று பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். எனக்கு இரண்டு சீற்று வசதி. தர்மிளாதான் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றச் சொல்லிச் சத்தம் போடுகிறாள்.

இருபத்திரண்டு மாடு. காவி நிறம், நீட்டுக் கொம்பு, திமில் இல்லை. அந்தப் பக்கத்தில் ஒரு பழைய ஊர் இருக்கிறது. விமான நிலையம் வந்த பிறகு சத்தம் தாங்காமல் சனம் எழும்பிப் போய்விட்டது. சில வீட்டில் இன்னும் ஆள் உண்டு. மிச்ச வீடுகளின் யன்னல்களைக் கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். நடுவில் கோயில் மட்டும் நிற்கிறது. ஊருக்கு இந்தப் பக்கம் ஒரு புல்வெளி, அந்தப் பக்கம் ஒரு புல்வெளி. மாட்டை ஊருக்கு நடுவே போகிற ஒழுங்கையால்தான் சாய்த்துப் போகவேண்டும். தலைக்கு மேலே இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம். முதல் கிழமை ஒவ்வொன்றுக்கும் நான் நிலத்தில் குப்புறப் படுத்தேன். ஏன் என்று ஆனைஸ் கேட்கவில்லை. அதனால் அவளை எனக்குப் பிடித்துப்போனது.

ஆனைஸுக்கு முழங்கால் பழுது. மாட்டுக்குப் பின்னால் நடக்க ஏலாது. அதனால் ஒரு குதிரை வாங்கியிருக்கிறாள். பெயர் பிஜூ. சாம்பல் நிறம், பதினாலு வயது. இவ்வளவு காலமும் பிள்ளைகளை முதுகில் வைத்து வட்டம் சுற்றின குதிரை. மாட்டையே கண்டதில்லை. முதல் நாள் வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டைக் கண்டதும் மூக்கால் ஊதிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரியத் திரும்பி ஓடியது. இதை வைத்தா மாடு சாய்க்கப்போகிறோம், மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கின கதைதான் என்று நினைத்தேன்.

ஆனைஸ் அவசரப்படவில்லை. ஒரு கிழமை வேலிக்கு இந்தப் பக்கம் குதிரை, அந்தப் பக்கம் மாடு. பார்த்துப் பழகட்டும் என்றாள். நான் எங்கள் வழியைச் சொன்னேன். புது மாடு வாங்கினால் பட்டிச் சாணியை நெற்றியில் பூசித்தானே உள்ளே விடுவோம். மாடு படுத்த சாக்கு ஒன்றை லாயக் கதவில் கட்டி, பிஜூவின் நெற்றியிலும் கொஞ்சம் சாணி தேய்த்துவிட்டேன். வெள்ளைக்காரி வாய் பிளந்து பார்த்தாள். மூன்றாம் நாள் குதிரை வேலியோரம் வந்து மாட்டை மோந்துகொண்டு நின்றது.

குளிசை போட மறக்க வேண்டாம். என்னோடு கோபம் வைக்கவும் வேண்டாம்.

இப்படிக்கு, உங்கள் சொல்லை எப்போதும் கேட்டு, இந்த ஒன்றை மட்டும் கேட்காத,
புஸ்பராணி



லா ஷப்பல்
6 ஒக்டோபர் 2024

அன்பான மச்சாளுக்கு,

இந்தக் கடிதம் வரும்போது உங்கள் உடம்பில் ஒரு நோவும் இருக்கக்கூடாது என்று அந்தோனியாரிடம் கேட்டு எழுதுகிறேன். முதல் கடிதம் கிடைத்தது என்றும், வாசித்துவிட்டுப் பைபிளுக்குள் வைத்ததாகவும் சொன்னீர்கள். சந்தோசம். இதை வாசித்தால் அடுப்பில் போடுங்கள்.

முதலில் குதிரைக் கதையைச் சொல்கிறேன். பிறகு ஒன்று கேட்கவேண்டும்.

வேலிப் பழக்கம் முடிந்து கயிற்றுப் பழக்கத்துக்கு வந்தோம். ஆனைஸ் சொல்லித் தந்த முறை இதுதான். வயதுபோன, சாதுவான ஒரு மாட்டைத் தெரிந்து எடுத்து, அதற்குப் பின்னால் குதிரையைக் கயிற்றில் பிடித்து நடக்கவேண்டும். முன்னால் போய் மறிக்கக்கூடாது. மாடு திரும்பி முகத்தைப் பார்த்தால் குதிரை பயந்துவிடும். குதிரை ஒரு அடி வைத்தால் மாடு ஒரு அடி விலகும். நான் வந்தால் இது போகிறது என்று குதிரைக்கு விளங்கவேண்டும். விளங்கினால் பயம் போய்விடும். மாடு நின்றால் நாமும் நின்று, கழுத்தைத் தடவி, ஒரு துண்டுக் கரட் கொடுக்கவேண்டும். எங்கள் வன்னியில் குதிரை ஏது. ஆனாலும் எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. என்னையும் உங்கள் தம்பி இப்படித்தான் பழக்கினார். பட்டிக்கு முன்னால் அவர் போவார், பின்னால் நான். அவர் கூப்பிடுவார், நான் கடைசி மாட்டோடு நின்று ஓய் என்று பதில் கொடுப்பேன். அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பட்டி எவ்வளவு நீளத்துக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியும்.

இருபதாம் திகதி வெள்ளிக்கிழமை, முதல் தரமாக முழுப் பட்டியின் பின்னால் பிஜூவைக் கொண்டுபோனேன். ஆனைஸ் வேலிப் படலையடியில் ஒரு பெட்டியின் மேல் இருந்தாள். பாதி வழியில் கன்று ஒன்று துள்ளித் திரும்பியது. குதிரை வெருண்டு கயிற்றைப் பறித்தது. நான் முகங்குப்புற விழுந்தேன். குதிரை கீழே தள்ளினதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்று சொல்வார்களே, அதுபோல விழுந்த என்னைத் தாண்டிப் பாய்ந்து மாட்டையும் கலைத்துவிட்டது. இருபத்திரண்டும் வால் தூக்கிக்கொண்டு பெருந்தெருப் பக்கம் ஓடுகின்றன. அங்கே வேலி சரிந்து கிடக்கிறது. லொறிகள் போகிற சத்தம் கேட்கிறது.

மச்சாள், நான் யோசித்துச் செய்யவில்லை. பட்டி குழம்பினால் அதைக் கூட்டுகிற குரல் ஒன்றைத்தான் என் காது இருபது வருடம் கேட்டிருக்கிறது. அது என் வாயால் வந்துவிட்டது. என்னுடைய குரல் இல்லை, அவருடையது. எப்படி என்று எழுத்தில் எழுத வராது, எழுதவும் மாட்டேன்.

மாடுகள் நின்றன. திரும்பின. ஓடாமல், ஒன்றின் பின் ஒன்றாக நடந்து வந்தன. ஆனால் என்னிடம் வரவில்லை. எனக்கு முன்னால் இருபது அடி தள்ளி, வெறும் புல்லில், அரை வட்டமாக நின்றன. இருபத்திரண்டு முகமும் அந்த வட்டத்தின் நடுவைப் பார்த்தபடி இருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. பிஜூவும் வந்தது. மாட்டுக்கு நடுவே, பயம் இல்லாமல், காதை முன்னால் வைத்துக்கொண்டு வந்து, தலையைத் தாழ்த்தியது. நெற்றியைத் தடவக் கொடுக்கும்போது அது அப்படித்தான் தாழ்த்தும்.

ஆனைஸ் நொண்டி ஓடி வந்து என்னைத் தூக்கினாள். நல்ல சத்தம் வைத்திருக்கிறாய், இனி அதையே பாவிப்போம் என்று சிரித்தாள். நான் வேண்டாம் என்றேன். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு நானே எனக்குச் சமாதானம் சொன்னேன். இந்த மாடுகள் வெள்ளைக்காரி வீட்டு மாடுகள். பிறந்ததிலிருந்து உப்புக் கட்டிக்கும் வாளிச் சத்தத்துக்கும் பழகினவை. யார் கத்தினாலும் தீன் என்று நினைத்து வரும். இவைக்கு உங்கள் தம்பி வலன்ரைன் யார், மத்தியூ மாமா யார்? அதைச் சோதித்தும் பார்த்தேன். அடுத்த நாள் என் சொந்தக் குரலில் கூப்பிட்டேன். அசைபோடுவதைக்கூட நிறுத்தவில்லை. ஆனைஸைக் கூப்பிடச் சொன்னேன். இரண்டு தலை தூக்கியது, அவ்வளவுதான். அவருடைய குரலை இரண்டாம் தரம் எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அன்றிலிருந்து பிஜூ மாட்டுக்குப் பயப்படுவதே இல்லை. கிழமைக்குள் ஆனைஸ் அதில் ஏறிச் சாய்த்தாள். இவ்வளவு வேகமாக எந்தக் குதிரையும் பழகி அவள் காணவில்லையாம். யாரோ இருந்து சொல்லிக் கொடுத்த மாதிரி இருக்கிறது என்றாள். ஒரு குறைதான் சொல்கிறாள். மாடு சாய்க்கிற குதிரை கடைசி மாட்டின் பின்னங்காலைப் பார்க்கவேண்டும். இது அத்தனை மாட்டுக்கும் மேலால் கழுத்தை நீட்டி, பட்டியின் முன் தலைப்பைப் பார்க்கிறது. முன் மாடு நிற்பதற்கு ஒரு நொடி முதலே இது நின்றுவிடுகிறது. அங்கே முன்னால் யார் போகிறார்கள் என்று நேற்று ஆனைஸ் பகிடியாகக் கேட்டாள்.

அதனால்தான் கேட்கிறேன், யோசித்துப் பதில் சொல்லுங்கள். மத்தியூ மாமா இறந்த அன்று உங்கள் தம்பி அவருடைய குரலில் கூப்பிட்டபோது மாடு வந்தது என்றீர்கள். உங்கள் தம்பியிடமா வந்தது? அல்லது வேறு எங்காவது போய் நின்றதா?

வாசலில் நின்ற நீங்கள் ஒருவர்தான் இப்போது மிச்சம். போன் எடுங்கள். ஸ்பீக்கரை மட்டும் நிற்பாட்டிவிடுங்கள். பதில் வரும்வரை நித்திரை இல்லை.

இப்படிக்கு,
புஸ்பராணி



லா ஷப்பல்
26 ஒக்டோபர் 2024

என் அன்பு மச்சாளுக்கு,

இதைக் கொண்டுவருகிற நிருபா என்கிற பிள்ளை எங்கள் மாடியில் இருப்பவள். நாளைக்குக் கொழும்புக்குப் பறக்கிறாள், புதன்கிழமை மன்னாரில் நிற்பாள். தபாலை நம்பினால் இரண்டாம் திகதி தாண்டிவிடும் என்பதால் அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். அவளுக்கு ஒரு தேத்தண்ணி கொடுங்கள். இந்தக் கதை ஒன்றும் அவளுக்குத் தெரியாது.

போன ஞாயிறு நீங்கள் ஸ்பீக்கரை நிற்பாட்டிவிட்டுச் சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது. மாடு தம்பியிடம் வரவில்லை புஸ்பம், அப்பா வழமையாகக் குந்தியிருக்கிற பாலை மரக் குற்றியைச் சுற்றி நின்றதடி, அதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை என்றீர்கள். நான் ஓம் என்று மட்டும் சொன்னேன். நீங்கள் பட்டியலைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. அந்தப் பெரிய மனதுக்கு நான் காலில் விழுகிறேன்.

அப்போதும் நான் சம்மதிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாடுகளுக்குத் தவறே வராதா, பதினைந்து வருடம் இருந்தவர் ஒரு வெள்ளிக்கிழமையில் இல்லாமல் போவாரா என்று என்னோடு நானே வழக்காடினேன். பிடிவாதத்தில் எனக்கு யாரும் கிட்ட நிற்க முடியாது. அது உங்களுக்குத் தெரியும்.

புதன்கிழமை நடந்ததை இனி எழுதுகிறேன்.

ஆனைஸின் முழங்காலில் நீர் கட்டி, குதிரையில் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். இந்தப் பக்கம் புல் முடிந்துவிட்டது. மாட்டை அந்தப் பக்கம் கொண்டுபோகத்தான் வேண்டும். ஐம்பத்தாறு வயதில் என்னைச் சேணத்தில் ஏற்றினார்கள். குதிரை ஏறின யாகப்பர் தேரில் வருகிற மாதிரி இருக்கிறது என்று நானே சொல்லிச் சிரித்தேன். பிஜூ நல்ல பிள்ளை, ஆடாமல் நின்றது. ஆனைஸ் காரில் சுற்றுப்பாதையால் வந்து, அந்தப் பக்கத்துப் படலையைத் திறந்துவிடுவாள் என்பது ஒழுங்கு.

காலை பத்து மணி, ஆனால் வெளிச்சம் பொழுது சாய்கிற மம்மல் நேரம் மாதிரி. பனிப்புகார் இறங்கியிருந்தது. எனக்கு முன்னால் நாலு மாட்டின் முதுகு தெரிந்தது. மிச்சம் வெள்ளை. விமானம் ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் தலைக்கு மேலே உருண்டு உருண்டு போனது. பழைய ஊரின் ஒழுங்கைக்குள் மாடு இறங்கியது. இரண்டு பக்கமும் கல் அடைத்த யன்னல்கள். குளம்புச் சத்தம் சுவரில் பட்டு இரண்டாகக் கேட்டது. பிஜூ கடிவாளத்தைத் தளர விட்டாலும் தன் பாட்டில் நடந்தது, கழுத்தை நீட்டி முன்னாலேயே பார்த்துக்கொண்டு.

இரண்டு விமானத்துக்கு நடுவில் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருக்கும். அந்த இடைவெளியில், பட்டியின் முன் தலைப்பிலிருந்து அந்தக் குரல் வந்தது.

மச்சாள், நான் சத்தியம் பண்ண மாட்டேன். நீங்கள் நம்பினால் நம்புங்கள். தடிமன் பிடித்தால் அவருடைய குரல் கடைசியில் கொஞ்சம் உடையுமே, அப்படி உடைந்திருந்தது.

யாரும் கூப்பிட்டால் முதல் குரலுக்கு வாய் திறக்காதே, திறந்தால் கூட்டிக்கொண்டு போய்விடும், மூன்று தரம் கூப்பிட்டால்தான் மனிதக் குரல் என்று எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். காட்டோரத்தில் சீவித்த நான் ஒரு நாளும் அதை மீறினதில்லை. புதன்கிழமை மீறிவிட்டேன். இருபது வருடம் பட்டிக்குப் பின்னால் நடந்த வாய் அல்லவா, எனக்கு முன்பே அது ஓய் என்று பதில் கொடுத்துவிட்டது.

மாடுகள் ஒரே சீராக நடந்தன. ஒழுங்கை முடிந்து அடுத்த புல்வெளிப் படலைக்கு வந்தோம். படலை திறந்திருந்தது. ஆனைஸ் அங்கே இல்லை. மாடு ஒவ்வொன்றாக உள்ளே போனது, நான் எண்ணினேன், இருபத்திரண்டு. பிறகு பிஜூ ஒரு காரியம் செய்தது. வலப்பக்கமாக இரண்டு அடி ஒதுங்கி, இடப்பக்கம் வழி விட்டு நின்றது. அதை யாரும் அதற்குப் பழக்கவில்லை. முன்னால் போனவர் மாட்டை உள்ளே விட்டபிறகு படலை சாத்தத் திரும்பி வருவாரே, அவருக்கு நான் அப்படித்தான் ஒதுங்கி வழிவிடுவேன். என் இடது காலில் அவர் உடுக்கிற சாரம் ஈரத்தோடு உரசினது போல இருந்தது. பிஜூ மெல்லக் கழுத்தைத் திருப்பி, எங்களுக்குப் பின்னால் பழைய ஊர்ப் பக்கம், யாரோ நடந்து போவதைப் பார்க்கிற மாதிரிக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, அதை இன்றைக்குத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். சண்டைக்குள் விசுவமடுவை விட்டுச் சனம் எழும்பின கடைசி நாள், அன்றைக்கு மட்டும் அவர் என்னை முன்னால் போகச் சொன்னார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சனத்தோடு முன்னுக்குப் போ, நான் மாட்டோடு பின்னால் வாறன், திரும்பிப் பாராமல் போ என்றார். போனேன். வாய்க்கால் தாண்டி நின்று கூப்பிட்டேன். பின்னால் நிற்கிறவர் பதில் கொடுக்கவேண்டும் அல்லவா, பதில் வரவில்லை. திரும்பிப் போகாமல் பிள்ளையோடு நடந்தேன். பின்னால் வருகிறார் என்று உங்களுக்கு நான் சொன்னது பொய், மச்சாள். அந்தப் பதில் வராதபோதே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இவ்வளவு காலமும் மாட்டைச் சாட்சிக்கு வைத்து உங்களோடு சண்டை பிடித்தேன்.

பத்து நிமிடத்தில் ஆனைஸ் கார் வந்தது. புகாரில் வழி தவறிவிட்டாளாம். படலையை யார் திறந்தது என்று என்னைக் கேட்டாள். நேற்றுச் சங்கிலி போட்டது தான்தான் என்றாள். யாராவது நடக்க வந்தவர்கள் திறந்திருக்கலாம் என்று தானே பதிலும் சொன்னாள். நான் படலைத் தூணைப் பார்த்தேன். தூணின் தலையில் பச்சைக் குழை ஒன்று முறித்துக் குத்தியிருந்தது. முறிந்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது. காடு புகும்போது ஐயனாருக்கென்று குழை முறித்துக் குத்தாமல் உங்கள் தம்பி ஒரு நாளும் உள்ளே போனதில்லை. ஐயனார் வேலை செய்கிறாய் என்று சுவாமியாரிடம் அதற்குப் பேச்சும் வாங்கினார். வெள்ளைக்காரர் யாருக்கு மச்சாள் குழை முறிப்பார்கள்? அதில் ஒரு இலையை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். என்ன மரமென்று எனக்குத் தெரியாது.

நான் பயப்பட்டேனா என்று கேட்பீர்கள். அந்த நேரம் பயமே இல்லை. சந்தோசமாக இருந்தது. வீடு வந்து சேர்ந்து, ரெயினில் இருந்தபோதெல்லாம் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன் என்று கண்ணாடியில் முகத்தைப் பார்த்தபிறகுதான் பயம் வந்தது. நேற்றும் முந்தநாளும் வேலைக்குப் போகவில்லை. போனால் புகார் வந்திருக்காதா, அந்த ஒழுங்கையால் இன்னொரு தரம் போக முடியாதா என்று மனம் கிடந்து அடிக்கிறது. சந்தைக்குப் போகிற வழியில்கூட, லா ஷப்பல் பாலத்துக்குக் கீழே அவ்வளவு சனத்துக்கு நடுவில், காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். தர்மிளா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு இன்னும் வளர்க்க ஒரு பிள்ளை இருக்கிறது. நான் முன்னால் போகவேண்டியவள். அவரே அப்படித்தான் சொல்லி அனுப்பினார்.

ஆகையால் பெயரைக் கொடுங்கள். மத்தியூ வலன்ரைன் என்று முழுப் பெயரும் எழுதச் சொல்லுங்கள். திகதி கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். இனிப் பத்திரத்தில் தகப்பன் இறந்துவிட்டார் என்று எழுதலாம் என்று நேற்றுத் தர்மிளாவுக்கும் சொன்னேன். எதற்கும் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள், அம்மா என்று மட்டும் சொல்லி என் மடியில் படுத்துவிட்டாள்.

சேமக்காலையில் கல்லறைகளுக்கு முன்னால் பெயர் வாசித்து மந்திரிப்பது அங்கே பின்னேரம் நாலரைக்கு அல்லவா. இங்கே அப்போது மத்தியானம் பன்னிரண்டு மணி. அந்த நேரம் நான் பிஜூவைப் பிடித்துக்கொண்டு அந்தப் படலையில் நிற்பேன். வெள்ளிக்கிழமை வாய் தவறி வந்தது கணக்கில் இல்லை. உங்கள் வீட்டு வழக்கப்படி, வாசலில் நின்று, ஒரே ஒரு தரம் அவர் குரலில் கூப்பிடுவேன். அதோடு அந்தக் குரல் முடிந்தது. பிறகு இந்த உலகத்தில் யாரும் அதைத் தொட மாட்டோம்.

ஆனால் அவர் திருப்பிக் கூப்பிடுவார், மச்சாள். எனக்குத் தெரியும். பிஜூ காதை நிமிர்த்தும்போதே எனக்குத் தெரிந்துவிடும். ஒரு தரம் பதில் கொடுத்து ருசி கண்டவளிடம் கூப்பிடாமல் இருப்பாரா. அந்த நேரம் நான் வாய் திறக்காமல் நிற்கவேண்டும். அவர் மூன்று தரம் கூப்பிட்டாலும் நிற்கவேண்டும்.

அவருக்காக அன்றைக்குக் கோயில் முழுக்கச் செபிக்கும். எனக்கு நீங்கள் ஒருவர்தான். நாலரை மணிக்கு அவர் பெயரை வாசித்து முடிந்ததும், எனக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்கள். மெதுவாகச் சொல்லுங்கள், அவர் கூப்பிட்டு ஓயும் வரைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி வலன்ரைனின் கைம்பெண்
புஸ்பராணி